வளைவில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து ஓட்டுவது எப்படி: டயரை நம்பப் பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் 2பி உரிமத்துக்கு (200 சிசி வரையிலான சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கானது) பயிற்சி எடுக்கும்போது எட்டு வடிவப் பாதை, குறுகிய பலகை, கூம்புகளுக்கிடையே புகுந்து வருவது என எல்லாவற்றையும் மெதுவான வேகத்திலேயே கற்கிறோம். அந்த வேகத்தில் ஹேண்டில்பாரைத் திரும்ப வேண்டிய பக்கமே திருப்புகிறோம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் உடலை மறுபக்கம் வைத்துச் சமன் செய்கிறோம். தேர்வுக்கு அது சரியான பழக்கம். உரிமம் கிடைத்த பிறகு விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வட்டமான இணைப்புச் சாலையில் அதே பழக்கத்தோடு நுழைகிறவருக்கு வண்டி திரும்ப மறுக்கிறது. அவர் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறார், பயந்து பிரேக்கைப் பிடிக்கிறார், அன்றிலிருந்து டயரை நம்ப மறுக்கிறார்.

புதியவர்களுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போய் நான் கவனித்த வரையில், நல்ல நிலையிலுள்ள டயர் காய்ந்த சாலையில் தானாக வழுக்குவது அரிது. ஓட்டுபவர் திடீரென்று செய்யும் ஏதோ ஒன்றுதான் அதை வழுக்க வைக்கிறது. எனவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு படி கைவராமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. முதலில் டயரைக் கையால் தடவிப் பாருங்கள்

நம்பிக்கை வைப்பதற்கு முன் நம்பத் தகுந்த டயர்தானா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. கூரையில்லாத கார்நிறுத்துமிடத்தில் ஆண்டுக்கணக்கில் வெயில் வாங்கிய ரப்பர், பள்ளம் நிறைய மிச்சமிருந்தாலும் இறுகிப் போயிருக்கும். பக்கச்சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயரில் சாய்வுப் பயிற்சி செய்யாதீர்கள்.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது இங்குள்ள சட்டம். நம் ஊரில் அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது டயரின் வடிவம். விரைவுச்சாலையில் நேராகவே ஓடும் வண்டிகளின், குறிப்பாக உணவு விநியோக வண்டிகளின், பின்டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிடும். பின்னால் குத்தவைத்துக் கண்மட்டத்தில் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய டயர் மேசைபோல் தெரியும். உள்ளங்கையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் விளிம்பு ஒன்று தட்டுப்படும். சாயும்போது வண்டி அந்த விளிம்பில் தயங்கி நின்று, பிறகு சட்டென்று விழுவதுபோல் சரியும். ஓட்டுபவர் அதை வழுக்கல் என்று எண்ணிக்கொள்வார். சட்டப்படி ஆழம் மிச்சமிருந்தாலும் அத்தகைய டயரை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் முடிவு.

காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடேறாதபோது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஸ்விங் ஆர்மிலோ (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) சங்கிலி மறைப்பிலோ ஒட்டிய தாளிலும் கையேட்டிலும் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. பலர் அதைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். அழுத்தம் மிகுந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். குறைந்தால் ஹேண்டில் கனத்து, திருப்பத்தில் வண்டி தாமதமாகச் சாயும். பெட்ரோல் நிலையத்துக்கு வெகுதூரம் ஓடிப்போய்ப் பார்த்தால் அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த அழுத்தத்தோடு புறப்படுவீர்கள்.

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக்கும் கடும் சாய்வும் இல்லாமல், சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால் அந்த வழவழப்பு உரிந்துவிடும். நேராக மட்டும் 150 கிலோமீட்டர் ஓட்டினால் நடுப்பகுதிதான் உரியும், ஓரங்கள் அப்படியே இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

2. எவ்வளவு சாய்வு தேவை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாய்வுக் கோணத்தை முடிவு செய்பவை வேகமும் வளைவின் ஆரமும்தான். வண்டியின் எடை அதில் சேராது. ஆரம் 30 மீட்டர் உள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏறத்தாழ 23 பாகை சாய்வு வேண்டும். 50இல் 33 பாகை. 60இல் 43 பாகை. டயரின் அகலத்தால் உண்மைக் கோணம் இதைவிடச் சில பாகை கூடும். 40இலிருந்து 60 என்பது வேகத்தில் ஒன்றரை மடங்குதான் என்றாலும், சாய்வு கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. 'போன வாரத்தைவிடக் கொஞ்சம்தான் வேகமாகப் போனேன், ஆனால் பயந்துவிட்டேன்' என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கே விளக்கம்.

காய்ந்த நல்ல தாரில் சாதாரணச் சாலை டயர் தாங்கக்கூடிய சாய்வு, நம் சாலைகளில் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் தேவைப்படுவதைவிடக் கணிசமாக அதிகம். அன்றாட ஓட்டத்துக்கான பல வண்டிகளில் டயர் பிடியை விடுவதற்கு முன்பே கால்மிதி தரையைத் தொட்டுவிடும். ஒருமுறை இளைஞர் ஒருவர், "அண்ணே, இதுக்கு மேல சாய்ச்சா வழுக்கிடும்" என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். வண்டியை நிறுத்தச் சொல்லி அவருடைய டயரின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொழிற்சாலையிலிருந்து வந்த ரப்பர் முடிகள் அங்கே ஒன்றுகூட உதிராமல் நின்றுகொண்டிருந்தன. இரண்டு விரல் அகலத்துக்கு டயர் தரையையே பார்த்திருக்கவில்லை. எல்லை என்று அவர் நினைத்தது டயரின் எல்லை அன்று.

அதே சமயம் அந்தத் தேயாத பட்டையை அழிப்பதையே நோக்கமாக வைத்துக்கொள்ளக்கூடாது. ஒரே வளைவை ஒரே வேகத்தில் குறைந்த சாய்வோடு கடப்பவர்தான் கைதேர்ந்தவர்.

3. ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் ஒரே காலையில் தீவு முழுவதும் சுற்றி எல்லா வளைவுகளையும் முயல்கிறார்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆரம், வெவ்வேறு தளம் என்பதால் எது மாறியதால் வண்டி வேறுவிதமாக நடந்துகொண்டது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. முழுவதும் கண்ணுக்குத் தெரியும் வளைவாக, திரும்பி வந்து மறுபடி நுழைய வசதியுள்ள ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அதிலேயே பழகுங்கள். நியோ தியூ சாலைப் பகுதியில் ஞாயிறு அதிகாலையில் போக்குவரத்து குறைவு. பண்ணைகளிலிருந்து வரும் மண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெற்கு புவன விஸ்தா சாலையின் அடுத்தடுத்த வளைவுகள் பலரை ஈர்க்கும். அங்கே ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் தொடக்கநிலைப் பயிற்சிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடங்கள் வேண்டவே வேண்டாம். மெருகேறிய தரையும் குழந்தைகளும் அங்கே உண்டு.

முதல் சுற்றை மெதுவாகத் தரையைப் பார்ப்பதற்காகவே ஓட்டுங்கள். நம் சாலைகளில் கவனிக்க வேண்டியவை: சாலைப்பணி நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள், சாக்கடை மூடிகள், மேம்பால இணைப்புகளின் உலோகப் பட்டைகள், பேருந்து நிற்குமிடத்தில் சிந்திய எண்ணெய், மண்டாய் போன்ற மரங்கள் அடர்ந்த சாலைகளில் ஈர இலைகள், லாரியிலிருந்து உதிர்ந்த மணல். இவற்றின்மீது டயரின் எந்தத் திறமையும் செல்லாது. அவை உங்கள் பாதையில் இருந்தால் வேறு வளைவைத் தேடுங்கள்.

வேக வரம்பு எதுவோ அதற்குள்ளேயே பயிற்சி. 50 கிலோமீட்டர் சாலையில் 30இல் தொடங்கி, ஒவ்வொரு சில சுற்றுக்கும் 5 கூட்டினாலே கற்பதற்கு ஏராளம் இருக்கிறது.

4. வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடியுங்கள்

டயருக்கு ஒரு நேரத்தில் இருக்கும் மொத்தப் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. பிரேக், திருப்பம், முடுக்கம் ஆகிய மூன்றும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. சாய்ந்திருக்கும்போது திருப்பம் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பிரேக்கும் வந்து கேட்டால் கொடுக்க இருப்பது மிகச் சொற்பம். ஆகையால் பிரேக்கையும் கியர் குறைப்பையும் வளைவுக்கு முன்பே, நேரான பகுதியில் முடித்துவிடுங்கள். கியரைக் குறைத்து கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் இழுபடும். நேராக இருக்கும்போது அது ஒரு குலுக்கல், சாய்ந்திருக்கும்போது அது ஒரு விழுதல்.

நுழையும் வேகம் சற்றுக் குறைவாகத் தோன்ற வேண்டும். 'இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருக்கலாமே' என்ற எண்ணத்தோடு உள்ளே போகிறவருக்கு த்ராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) திறப்பதற்கு மனம் வரும். அதிக வேகத்தில் நுழைந்தவருக்கு அதை மூடுவதைத் தவிர வேறெதுவும் தோன்றாது. 8ஆவது படியில் சொல்லப்போவது முழுவதும் இந்த ஒன்றைச் சார்ந்தே நிற்கிறது.

5. சாய்ப்பதற்கு முன் கண்ணைத் திருப்புங்கள்

வண்டி கண் போகும் இடத்துக்கே போகும். சாலையோரக் கட்டையைப் பார்த்தால் கட்டையை நோக்கியே போவீர்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே தாடையைத் தோளை நோக்கித் திருப்பி, வளைவின் வெளிவாயிலைத் தேடுங்கள். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தலைக்கவசமே திரும்ப வேண்டும். முன்சக்கரத்துக்கு நேர் முன்னால் பார்க்கிறவருக்கு 40 கிலோமீட்டரே பெரும் வேகமாகத் தெரியும். தூரத்தைப் பார்த்தவுடன் அதே வேகம் அடங்கிவிடும்.

பாதைக் கோட்டையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் தடத்தின் வெளிப்பக்கத்தில் தொடங்கி, வளைவு முழுவதும் தெரிந்த பிறகு உள்பக்கம் வருவது பாதுகாப்பானது. சீக்கிரமாக உள்ளே சாய்ந்தவர் வளைவின் இரண்டாம் பாதியில் வெளியே தள்ளப்படுவார். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் வலப்பக்க வளைவில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது: இருவழிச் சாலையில் சக்கரங்கள் உங்கள் தடத்துக்குள் இருந்தாலும், சாய்ந்த தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் லாரியின் பாதையில் நீண்டிருக்கும். உங்கள் தலைக்கும் தடத்தில் இடம் ஒதுக்கிக் கணக்கிடுங்கள்.

6. உள்பக்கக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுங்கள்

பலருக்கு நம்ப முடியாததாக இருப்பது இந்தப் படிதான். இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது. டயர் தரையைத் தொடும் இடம் வலப்பக்கம் நகர, மேலேயுள்ள எடை இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. ஓரளவு வேகம் வந்த பிறகு எல்லோரும் அறியாமலேயே இதைத்தான் செய்கிறோம். அறிந்து செய்தால்தான் எவ்வளவு சாய்வு வேண்டுமோ அவ்வளவை வேண்டிய நேரத்தில் பெற முடியும்.

இதை முதலில் நேரான, ஆளில்லாத சாலையில் 40 கிலோமீட்டரில் பழகுங்கள். இடது உள்ளங்கையால் மெல்ல ஓர் அழுத்து, வண்டி தடத்துக்குள் இடப்பக்கம் நகரும். வலது உள்ளங்கையால் ஓர் அழுத்து, திரும்பி வரும். கை நினைக்காமலே செய்யும்வரை இதைச் செய்துவிட்டு வளைவுக்கு வாருங்கள்.

தள்ளுவது ஒரே சீராக, கூடிக்கொண்டே போவதாக இருக்க வேண்டும், குத்துவதுபோல் இருக்கக்கூடாது. டயரின்மீது பாரம் ஏற ஏறத்தான் அது தரையோடு அழுந்திப் பிடிக்கிறது. அந்தப் பாரம் ஏற ஒரு சிறு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் திடீரென்று கேட்டால், கொடுக்கக்கூடிய டயரும் மறுத்துவிடும். டயரை நம்புவது என்று நான் சொல்வது நடைமுறையில் இதைத்தான்: ஒவ்வொரு கோரிக்கையையும் படிப்படியாக வைப்பது.

7. உடலை வண்டியோடு சேருங்கள், கைகளைத் தளர்த்துங்கள்

வெளிப்பக்க முழங்காலை டேங்க்கோடு அணைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் முன்பகுதியைக் கால்மிதியில் வையுங்கள். நுனிக்கால் கீழே தொங்கினால் அதுவே முதலில் தரையில் உரசும். மேலுடலைச் சற்று முன்சாய்த்து, உள்பக்கக் கண்ணாடியை நோக்கித் தலையைக் கொண்டு போங்கள். உடல் எடை உள்பக்கம் போனால் அதே வளைவுக்கு வண்டி சாய வேண்டிய கோணம் குறைகிறது. பயிற்சி நிலையத்துப் பழக்கத்தில் உடலை வெளிப்பக்கம் நிமிர்த்தி வைப்பவருக்கு வண்டி தேவைக்கு மேல் சாய வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முழங்கை. அது விறைத்திருந்தால் சாலையின் ஒவ்வொரு மேடும் உங்கள் தோள்வழியாக ஹேண்டில்பாருக்குத் திரும்பிப் போய், முன்டயரைத் தொந்தரவு செய்யும். வளைவின் நடுவே விரல்களைக் கைப்பிடியில் லேசாக ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வேகம் கூட்டும் நாள் இன்னும் வரவில்லை. விரல்முட்டி வெளுத்துப்போக இறுகப் பிடித்திருக்கும் கைக்கு டயர் சொல்வது எதுவும் கேட்காது.

8. த்ராட்டிலை மெல்லத் திறந்து, வெளியே வரும்வரை மூடாதிருங்கள்

சாய்வு நிலைபெற்றதும் த்ராட்டிலை மயிரிழை அளவு திறங்கள். பிறகு சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். திருப்பமே வேகத்தைச் சிறிது தின்றுவிடும் என்பதால், மூடிய த்ராட்டிலோடு சுற்றும் வண்டி தொடர்ந்து வேகம் இழந்து, பாரத்தை முன்டயர்மீது குவிக்கும். மெல்லத் திறந்தால் பாரத்தின் ஒரு பகுதி அகலமான பின்டயருக்குப் போகிறது, சஸ்பென்ஷன் தன் நடுநிலையில் நிற்கிறது, வண்டி கோடு போட்டதுபோல் அமைதியாகச் சுற்றிவருகிறது. இந்த அமைதியை ஒருமுறை உணர்ந்தவர் டயரைப் பற்றிய பேச்சையே விட்டுவிடுவார்.

2பி வண்டிகளின் சிறிய எஞ்சினில் சற்று அதிகம் திறந்தாலும் பெரிதாக ஒன்றும் நேராது. 2ஏ, 2 வகுப்பு உரிமங்களுக்கான பெரிய வண்டிகளுக்கு மாறியவர்கள் அந்தப் பழைய மணிக்கட்டை அப்படியே கொண்டுவரக்கூடாது.

9. நடுவளைவில் பயம் வந்தால் என்ன செய்வது

வரும். 'வேகம் அதிகம், வெளியே போகிறேன்' என்று தோன்றும். அந்த நேரத்தில் உடம்பு தானாகவே மூன்று காரியங்களைச் செய்யும்: த்ராட்டிலைப் பட்டென்று மூடும், முன்பிரேக்கை இறுக்கும், கட்டையையோ எதிர்வரும் வாகனத்தையோ உற்றுப் பார்க்கும். மூன்றும் தீங்கே. த்ராட்டிலை மூடினால் பின்டயரின் பாரம் குறையும். சாய்வில் முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிமிர்ந்து நேராகப் போகப் பார்க்கும், இன்னும் இறுக்கினால் முன்டயர் மடங்கும். சாதாரண ஏபிஎஸ் பிரேக் அமைப்பு சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், ஆனால் வண்டி சாய்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அதற்குப் பதிலாக: தலையைத் திருப்பி வெளிவாயிலைப் பாருங்கள். உள்பக்கக் கைப்பிடியை இன்னும் சற்றுத் தள்ளுங்கள். த்ராட்டிலை இருந்த நிலையிலேயே வையுங்கள்; குறைத்தே ஆகவேண்டுமென்றால் மெல்லக் குறையுங்கள். சாலையில் நிகழும் பெரும்பாலான வெளித்தள்ளல்களில் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் வண்டி திரும்பியிருக்கும். ஓட்டுபவர் முயலவில்லை என்பதே உண்மை. முன்னால் உண்மையிலேயே தடை இருந்தால், முதலில் வண்டியை நிமிர்த்தி, பிறகு பிரேக் பிடியுங்கள். 50 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறீர்கள் என்பதை மனத்தில் வைத்தால், பார்வை எட்டாத வளைவில் ஏன் வேகத்தைக் கூட்டக்கூடாது என்பது விளங்கும்.

பயம் வந்த பிறகு அதே வேகத்தில் உடனே மறுபடி முயலாதீர்கள். 10 கிலோமீட்டர் குறைத்து, அதே வளைவை நிதானமாகச் சில முறை சுற்றிய பிறகே மேலே ஏறுங்கள். பயத்தோடு கற்றது மணிக்கட்டில் பயமாகவே தங்கிவிடும்.

10. மழையில்

பிற்பகல் மழையைத் தவிர்த்து இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மிதக்கும். பெருமழை கழுவிச் சென்ற பிறகு தார் ஓரளவு பிடி கொடுக்கும். வெள்ளைக்கோடும் அம்புக்குறியும் இரும்புத் தகடும் நனைந்தால் அவற்றின்மீது சாயவே கூடாது. படிகள் அதே வரிசைதான். நுழையும் வேகமும் சாய்வும் வெகுவாகக் குறைய வேண்டும், உடலை உள்பக்கம் வைப்பது இன்னும் முக்கியமாகிறது. நனைந்த சாலையில் சாய்வைக் கூட்டிப் பழக முயலாதீர்கள். மேம்பாலத்தடியில் ஒதுங்குவதானால், அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

11. கடும் சாய்வுக்குப் பந்தயத்தடம்

கால்மிதி உரசும் அளவுக்குச் சாய்ப்பதற்குச் சிங்கப்பூர்ச் சாலைகளில் இடமில்லை. எதிரே வருபவருக்கு உங்கள் பயிற்சியில் பங்கில்லை. அதற்கு ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடம் இருக்கிறது. 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டுவதற்கான நாட்களை ஏற்பாட்டாளர்கள் நடத்துகிறார்கள். எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், தளம் ஒரே சீரானது, விழுந்தால் உருண்டு போக இடம் இருக்கிறது. முழுத் தோலுடை, கணுக்காலை மூடும் காலணி, மணிக்கட்டை மூடும் கையுறை ஆகியவை வேண்டும். மோட்டார் காப்புறுதி ஒப்பந்தங்கள் பொதுவாகப் பந்தயத்தட ஓட்டத்தை விலக்கி வைக்கின்றன. புறப்படுமுன் உங்களுடையதைப் படித்துப் பாருங்கள்.

அங்கே போனதும் மெதுவான குழுவில் சேருங்கள். முதல் சில சுற்றுகளைக் கோடுகளை அறிவதற்கும் டயர் சூடேறுவதற்கும் விட்டுவிடுங்கள். வெயில் கொளுத்தினாலும் ரப்பரின் உள்பகுதி சூடாகச் சுற்றுகள் தேவை. முதலாம் வளைவு வலப்பக்கம் நீண்டு சுற்றி உடனே இடப்பக்கம் இறுகும். அதில் அவசரப்படுபவர்கள் இரண்டாவதில் வெளியே போய்விடுகிறார்கள். கால்மிதி உரசும்போது வரும் சத்தத்தில் பதறி த்ராட்டிலை மூடாதீர்கள். அது எச்சரிக்கை மட்டுமே. சாய்வை அந்த அளவிலேயே நிறுத்தி, உடலை இன்னும் உள்ளே கொண்டுபோங்கள். கால்மிதிக்குப் பிறகு உரசக்கூடியவை புகைக்குழாயும் ஸ்டாண்டும். அவை மடங்காதவை, டயரைத் தரையிலிருந்தே தூக்கிவிடும்.

தடத்துக்காக டயர் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் காற்றை இறக்கியிருந்தால், பொருள்களைக் கட்டி வீடு திரும்புமுன் பழைய அளவுக்கு நிரப்புங்கள். இறக்கிய காற்றோடும் பின்னால் சுமையோடும் நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் ஓடினால் பின்டயர் அளவுக்கு மீறிச் சூடாகும். நிரப்புவதற்கு முன் டயர் ஆறட்டும். தடத்திலிருந்து இறங்கிய சூட்டில் அளந்தால் அளவு தவறாகவே காட்டும்.